மாட்டுக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை!

அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தாளைக் கையில் வாங்கியதும் கண் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே போய்விட்டால் அன்றிலிருந்து ரொட்டி சானாய்க்கும் நெய்ச்சோற்றுக்கும் வீட்டில் தடை உத்தரவு!

இதே எண் ஒரு கறவை மாட்டின் ரத்தத்தில் வந்தால் என்ன ஆகும்? கன்று ஈன்று மூன்று, நான்கு மாதம் ஆகி, நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மாடு என்றால், கால்நடை மருத்துவர் கவலைப்படவே மாட்டார். "நல்லா தீனி எடுக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அந்த எண் 2-க்குப் பக்கத்தில் இருந்தால்தான் அவர் நின்று விசாரிக்கத் தொடங்குவார்.

மாட்டுக்குக் கொலஸ்ட்ரால் பரிசோதனையா என்று சிரிக்க வேண்டாம், வாசகர்களே. பால் பண்ணைகளில் பல நாடுகளில் நடக்கும் வழக்கமான பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. நமக்குக் கொலஸ்ட்ரால் கூடினால் பயம். அவர்களுக்குக் குறைந்தால் பயம். ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், மாட்டைப் பற்றி மட்டுமல்ல, ரத்தப் பரிசோதனைத் தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் கொஞ்சம் புரியும்.

புல் தின்னும் மாட்டுக்குக் கொழுப்பு எங்கிருந்து?

கொலஸ்ட்ரால் என்றதும் நமக்கு ஆட்டிறைச்சியும் முட்டையும் இறாலும்தான் ஞாபகத்துக்கு வரும். மாடு இதில் எதையும் தொடுவதில்லை. புல், தவிடு, பிண்ணாக்கு என்று அது தின்பதெல்லாம் தாவரம். தாவரங்களில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் மாட்டின் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வந்தது?

அத்தனையும் அதன் உடலே தயாரித்தது. கல்லீரலும் குடலும்தான் முக்கியமான தயாரிப்புக் கூடங்கள். நம் உடம்பிலும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி உள்ளேயே தயாராவதுதான். உடம்புக்கு அது வேண்டாத பொருள் அல்ல. ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. பித்தநீருக்கும், சினை பிடிப்பதற்குத் தேவையான ஹார்மோன்களுக்கும் அதுதான் மூலப்பொருள்.

ஆனால் ரத்தத்தில் அது பயணம் செய்யும் விதத்தில் நமக்கும் மாட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதனால் புரதம் சேர்ந்த சின்னச் சின்ன உருண்டைகளில் ஏறித்தான் அது போக வேண்டும். மனிதர்களில் பெரும்பகுதி ஏறிச் செல்வது எல்.டி.எல். என்ற உருண்டையில். 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று டாக்டர் சொல்வது இதைத்தான். மாட்டில் பெரும்பகுதி எச்.டி.எல். உருண்டையில் போகிறது. நாம் 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்லும் அதே வகை. நம்மைப்போல் இதயக் குழாய் அடைத்து மாடு விழுவது மிக மிக அரிது. எனவே கால்நடை மருத்துவர் இந்த எண்ணைப் பார்ப்பது மாட்டின் இதயத்துக்காக அல்ல. அதன் வயிற்றுக்காகவும் கல்லீரலுக்காகவும்.

"அப்ப அந்தப் பாலைக் குடிக்கலாமா?"

வானொலியில் சுகாதார அங்கம் படைக்கும்போது உணவைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், அழைப்புகள் குவியும். மாட்டின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 6 இருக்கிறது என்று சொன்னால், நேயர்கள் முதலில் கேட்கப்போவது இந்தக் கேள்வியைத்தான். அதனால் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகக் குடிக்கலாம். மாட்டின் ரத்தத்தில் அளவு ஏறுவதுபோல் பாலில் ஏறுவதில்லை. சொல்லப்போனால், கன்று ஈன்ற முதல் நாள்களில் வரும் சீம்பாலில்தான் கொலஸ்ட்ரால் அதிகம். அந்த நாள்களில்தான் மாட்டின் ரத்தத்தில் அது மிகக் குறைவு!

கொழுப்பு நீக்காத 100 கிராம் பசும்பாலில் உள்ள கொலஸ்ட்ரால் சுமார் 10 முதல் 14 மில்லிகிராம். ஒரு பெரிய கோழி முட்டையில் 180 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். பாலில் உள்ள கொலஸ்ட்ரால் கொழுப்புத் துளிகளின் மேலுறையில் ஒட்டியிருப்பதால், ஆடை எடுத்த பாலில் அது மிகவும் குறைந்துவிடும். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் பாலில் கவனிக்க வேண்டியது அதன் நிறைகொழுப்பை. தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் சீனியையும் சேர்த்துக் கவனித்தால் இன்னும் நல்லது.

அந்த ஆறு வாரம்

கறவை மாட்டின் வாழ்க்கையில் மிக ஆபத்தான காலம், கன்று ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பும் ஈன்றபின் மூன்று வாரமும். மாட்டுக்கு வரும் பெரும்பாலான நோய்கள் இந்த ஆறு வாரத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

ஈனும் நாள் நெருங்க நெருங்க மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஈன்ற உடனே பால் சுரக்கத் தொடங்கிவிடும். பால் ஒவ்வொரு நாளும் ஏறும். ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆனால் மாட்டின் பசி அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. வரவு குறைவு, செலவு அதிகம். வீட்டுக் கணக்கில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? சேமிப்பில் கை வைப்போம். மாடும் அதைத்தான் செய்கிறது. முதுகிலும் இடுப்பிலும் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது.

கரைந்த கொழுப்பு கல்லீரலுக்கு வந்து சேரும். அளவோடு வந்தால் கல்லீரல் அதை எரித்துச் சக்தியாக்கும். அளவுக்கு மீறி வந்தால் மிச்சத்தை உருண்டைகளில் ஏற்றி வெளியே அனுப்ப வேண்டும். இங்கேதான் சிக்கல். அசைபோடும் பிராணிகளின் கல்லீரலுக்கு இப்படி ஏற்றி அனுப்பும் திறன் குறைவு. அனுப்ப முடியாத கொழுப்பு கல்லீரலிலேயே தங்கிவிடும். நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் மஞ்சள் பூத்து வீங்கும். பாதி எரிந்த கொழுப்பு கீட்டோன்களாக மாறி ரத்தத்தில் சேரும். அந்த மாட்டின் மூச்சில் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் போன்ற ஒரு வாடை வரும். எல்லாருக்கும் அந்த வாடை பிடிபடாது என்பது வேறு விஷயம்.

உருண்டைகள் வெளியே போகவில்லை என்றால் அவற்றில் ஏறிவர வேண்டிய கொலஸ்ட்ராலும் ரத்தத்துக்கு வராது. தீனி குறைந்தாலும் அது குறையும். கன்று ஈன்ற சமயத்தில் எல்லா மாடுகளுக்கும் கொலஸ்ட்ரால் இறங்கி, லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில் நிற்பது இயல்பு. தீனி நன்றாக இறங்கத் தொடங்கியதும் வாரத்துக்கு வாரம் ஏறி, இரண்டு மூன்று மாதத்தில் 5, 6 என்று போகும். கவலைக்குரியது இறங்கிய எண் ஏறாமல் அங்கேயே நிற்பதுதான். அந்த மாடு தின்னவில்லை, அல்லது அதன் கல்லீரல் தடுமாறுகிறது, அல்லது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது. நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது, கருப்பையில் சீழ் பிடிப்பது, மறுபடியும் சினை பிடிக்கத் தாமதமாவது போன்ற தொல்லைகளுக்கும் குறைந்த கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

ரத்தம் எடுப்பது எப்படி?

நமக்குக் கையில் நரம்பு தேடுவார்கள். மாட்டுக்கு வாலைத் தூக்கி, அடிவாலின் நடுப்பள்ளத்தில் ஓடும் நாளத்தில் ஊசியைச் செலுத்துவார்கள். கழுத்திலும் எடுப்பதுண்டு. பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. பட்டினி போட்டு அழைத்துவர வேண்டிய அவசியம் இல்லை. அசைபோடும் பிராணியின் முன்வயிறு எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒருவேளை உணவால் இந்த எண் துள்ளிக் குதிக்காது.

எடுத்த ரத்தத்தை உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் வெளிர்மஞ்சள் நீரைப் பிரிப்பார்கள். அதில் சில நொதிகளைச் சேர்ப்பார்கள். முதல் நொதி கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்திடமிருந்து விடுவிக்கும். இரண்டாவது அதை ஆக்சிஜனுடன் சேர்க்க, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். மூன்றாவது அந்தப் பெராக்சைடைக் கொண்டு ஒரு சிவப்பு நிறத்தைக் கொண்டுவரும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு கொலஸ்ட்ரால். மனிதர்களுக்குச் செய்யும் அதே முறைதான், அதே மருந்துகள்தான். ஊசி முரட்டுத்தனமாகக் குத்திச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அந்தச் சிவப்பும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் மாதிரியைப் பக்குவமாகக் கையாள வேண்டும்.

ஒன்றை மட்டும் அப்படியே கடன் வாங்க முடியாது. நல்லது, கெட்டது என்று பிரித்து அளக்கும் முறைகள் மனித ரத்தத்துக்காக உருவானவை. மாட்டின் எச்.டி.எல்., எல்.டி.எல். உருண்டைகள் அடர்த்தியில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால், அந்தப் பிரிவு மாட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. பண்ணையில் பார்ப்பது பெரும்பாலும் மொத்தக் கொலஸ்ட்ராலைத்தான்.

ஒரு மாடு அல்ல, ஒரு குழு

ஒரு மாட்டின் ஓர் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இதை இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தார் அரை நூற்றாண்டுக்கு முன்பே வழிமுறையாக்கினார்கள். 1970-இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, ஒரு பண்ணையில் அதிகம் கறப்பவற்றில் ஏழு, நடுத்தரமாகக் கறப்பவற்றில் ஏழு, பால் வற்றியவற்றில் ஏழு என 21 மாடுகளின் ரத்தம் எடுக்கப்படும். குளுக்கோஸ், யூரியா, புரதம், கால்சியம் போன்றவற்றைக் குழுவாரியாக அளந்து, மொத்தப் பண்ணையின் தீனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பின்னாளில் வெவ்வேறு நாடுகளில் இந்தப் பட்டியலில் கொலஸ்ட்ராலும் இடம்பிடித்தது. ஜப்பானியப் பண்ணைகளில் மாடுகள் எவ்வளவு தின்கின்றன என்பதை அறியும் அடையாளமாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

குழுவாகப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு மாட்டுக்கு மட்டும் எண் குறைந்தால் அது அந்த மாட்டின் நோய். ஈன்று ஒன்றரை மாதமான மாடுகள் எல்லாவற்றுக்கும் குறைந்தால் கோளாறு தீனித் தொட்டியில் இருக்கிறது. முதலாவதற்கு மருந்து வேண்டும். இரண்டாவதற்குத் தீவனத்தை மாற்ற வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

கன்றுகள் சொன்ன சேதி

கொலஸ்ட்ரால் அளப்பது ஒரு பெரிய மர்மத்தையே அவிழ்த்த கதையும் உண்டு.

ஜெர்மனியில் ஹோல்ஸ்டீன் மாடு வளர்த்தவர்களின் பண்ணைகளில் சில கன்றுகள் விசித்திரமாகச் செத்துக்கொண்டிருந்தன. பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பால் குடிக்கும். ஆனால் உடம்பு தேறாது. சில வாரங்களில் கழிச்சல் தொடங்கும். எந்த மருந்துக்கும் நிற்காது. மெலிந்து மெலிந்து, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ போய்விடும். கன்றுக் கழிச்சல் என்பது எல்லாப் பண்ணையிலும் உள்ள தொல்லைதான் என்பதால், கிருமியாக இருக்கும், சீம்பால் பற்றாமல் இருக்கும் என்று நினைக்கத்தான் தோன்றும்.

அந்தக் கன்றுகளின் ரத்தத்தில் ஒரு விஷயம் தனித்து நின்றது. கொலஸ்ட்ரால் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு மரபணுவை ஆராய்ந்தவர்கள், இது பரம்பரைக் கோளாறு என்று 2015-இல் அறிவித்தார்கள். 'கொலஸ்ட்ரால் குறைபாடு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1991-இல் கனடாவில் பிறந்த மாக்லின் ஸ்டார்ம் என்ற பொலிகாளையிடம் போய் நின்றது அந்தப் பரம்பரை.

கொழுப்பை ஏற்றிச் செல்லும் உருண்டையைக் கட்டுவதற்கு அப்போலிப்போபுரோட்டீன்-பி என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணுவுக்குள் சுமார் 1,300 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு நுழைந்து உட்கார்ந்திருந்தது. விளைவு, புரதம் உருவாகாது. கன்று குடித்த பாலின் கொழுப்பு குடல் சுவர் வரை வரும். அதைத் தாண்டி ரத்தத்துக்குப் போக வாகனம் இல்லை. வயிறு நிறையப் பால் குடித்தும் கன்று பட்டினியால் சாகும். மாட்டுக்காரர் இரவு பகலாகப் புட்டிப்பால் கொடுத்திருப்பார், மருந்து புகட்டியிருப்பார். எதுவும் உதவியிருக்காது.

இவ்வளவு காலம் இது தெரியாமல் போனது எப்படி? கோளாறுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் கன்றுக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது வெறும் சுமப்பான். பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். ஸ்டார்ம் பெயர்பெற்ற காளை. உறைவிந்து மூலம் அதன் வாரிசுகள் பல நாடுகளில் பரவின. தலைமுறைகள் கடந்து, அதன் வாரிசோடு வாரிசு சேரத் தொடங்கியபோதுதான் கன்றுகள் சாவது கண்ணில் பட்டது. சுமப்பான் இரண்டு சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

சுமப்பான் மாடுகளின் கொலஸ்ட்ரால் மற்றவற்றைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அதை வைத்துச் சுமப்பானைக் கண்டுபிடித்துவிட முடியாது. அண்மையில் கன்று ஈன்ற, கோளாறே இல்லாத மாட்டுக்கும் அதே எண் வரும். உறுதி செய்ய மரபணுப் பரிசோதனை வேண்டும். ரத்தப் பரிசோதனை வழியைக் காட்டியது; அதற்குமேல் போக வேறு கருவி தேவைப்பட்டது. இன்று ஹோல்ஸ்டீன் காளைகளின் விவரப் பட்டியலில் சி.டி.எஃப். என்ற குறி இருந்தால் அது பரிசோதித்துக் கோளாறு இல்லை என்று உறுதியான காளை. சி.டி.சி. என்றால் சுமப்பான்.

நம் ஊருக்கு இதனால் என்ன?

மலேசியாவில் மாடு வளர்ப்பு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. தோட்டப்புறங்களில் விடியற்காலையில் பால் கறந்து, சைக்கிளில் வீடு வீடாக ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. இன்றும் சிறு பால் பண்ணைகளை நடத்துபவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். இங்குள்ள கறவை மாடுகளில் பல, ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்த வழி. 'மாஃப்ரிவால்' என்று பெயர் வைத்து வளர்க்கப்பட்டதும் இந்தக் கலப்புதான். ஃப்ரீசியன் ரத்தம் நிறையப் பாலைத் தரும். பால் கூடக் கூட, ஈன்றபின் வரும் நெருக்கடியும் கூடும். நம் வெப்பம் வேறு மாட்டின் பசியைக் குறைக்கும்.

இன்னொரு தொடர்பு செம்பனை. முன்வயிற்றில் கரையாமல் கடந்துபோகும் 'பைபாஸ் கொழுப்பு' என்ற தீவனச் சேர்க்கை உலகெங்கும் விற்பனையாகிறது. அதில் பெருமளவு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. இதைக் கொடுக்கும் பண்ணையில் மாடுகளின் கொலஸ்ட்ரால் தானாகவே ஏறும். எண் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. தீனியில் கொழுப்பு சேர்க்கிறோம் என்பதை ரத்தம் எடுக்க வருபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்கச் சில விஷயங்கள்:

எந்த மாடு எந்தத் தேதியில் ஈன்றது என்பதை எழுதி வையுங்கள். அந்தத் தேதி தெரியாவிட்டால் கொலஸ்ட்ரால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஈனும்போது மாடு கொழுத்திருந்தால் பெருமைப்பட வேண்டாம். கல்லீரலில் கொழுப்பு தேங்கும் ஆபத்து அந்த மாட்டுக்குத்தான் அதிகம்.

ஈன்ற மாட்டின் கீட்டோன் அளவைப் பண்ணையிலேயே பார்க்கச் சிறிய கைக்கருவி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் பயன்படுத்துவதுபோல ஒரு துளி ரத்தம் போதும். 1.2 மில்லிமோலைத் தொட்டால் கவனிக்க வேண்டும். கொலஸ்ட்ராலை அதோடு சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

சினை ஊசிக்கு ஹோல்ஸ்டீன் அல்லது ஃப்ரீசியன் விந்து வாங்கும்போது, காளையின் பால் கணக்கை மட்டும் கேட்காதீர்கள். கொலஸ்ட்ரால் குறைபாடு பரிசோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

நன்றாகப் பால் குடித்தும் தேறாமல், மருந்துக்கும் நிற்காமல் கழியும் கன்று இருந்தால், கால்நடை மருத்துவரிடம் அதன் கொலஸ்ட்ராலையும் அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கன்றைக் காப்பாற்ற வழியில்லாமல் போகலாம். ஆனால் அதே தாய்க்கு அதே காளையின் விந்தை மறுபடியும் போட்டு, இன்னொரு கன்றையும் பறிகொடுக்காமல் தப்பிக்கலாம்.